பதினொரு கிலோ முந்நூறு

மூன்று நாளாக எங்கள் வீட்டில்
இரண்டு கதிரைகளில் யாரும் உட்கார முடியாது.
ஒன்று கிராண்ட்பாஸ், மற்றது பேலியகொடை.
நடுவில் அறுபது சென்டிமீட்டர் களனி கங்கை
சிவப்புச் சீமெந்துத் தரையாகக் கிடக்கிறது.

மிஃப்ராவிடம் ஐஸ்பழக் குச்சி இருநூறு.
தின்று சேர்த்ததல்ல,
ஐந்துலாம்புச் சந்தியில் பக்கெட்டாகவே விற்கிறார்கள்.

முதல் பாலம் சதுரம் சதுரமாக
ஜன்னல் வரிசைபோல் இருந்தது. பார்க்க அழகு.
இரண்டாவது பக்கெட் சீனியை வைத்ததும்
பஸ்ஸில் நின்றபடி தூங்குகிறவர் மாதிரி
ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்து,
விழுந்தது.
எறும்பு வருமுன் அவள் உம்மா
கங்கையைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் நாலு குச்சியை
நாலு குண்டூசியால் கோத்துக்கொண்டு வந்தாள்.
"மூலையில தள்ளுங்க வாப்பா."
தள்ளினேன். சதுரம் பட்டம்போல் சரிந்தது.
ஒரு குச்சியைக் கழற்றி மூன்றாக்கினாள்.
"இப்பத் தள்ளுங்க."
பழைய சோனகத் தெருவில்
பத்தொன்பது வருடம் ஆணியும் போல்ட்டும்
நிறுத்துக் கொடுத்த கை இது.
அசையவில்லை.

பிறகு, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில்
மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல்.
நடுவில் விரலால் அமத்தினாள்.
மேல்வாய் மூடியது, கீழ்வாய் திறந்தது.
"மேல நெரியுது, கீழ இழுபடுது.
ஒரே பாரம்தான், ரெண்டு வேலை."
புது ஸ்பொஞ்சு அது.
அதற்கும் ஏச்சு விழுந்தது, எனக்கு.

மட்டைப் பலகையில் தலைப்பு எழுத
என்னைத்தான் கேட்டாள். என் கையெழுத்து அழகாம்.
பரிசளிப்பு விழாக்களில் கேட்ட பேச்செல்லாம்
நாக்கின் நுனியில் நின்றது:
"பாலம் என்பது உள்ளங்களை இணைப்பது. எழுதவா மகள்?"
"இல்ல வாப்பா. அது இணைக்கிறதுக்கு முதல் தாங்கணும்."
"சரி, தாங்குவது."
கொஞ்சம் யோசித்தாள்.
"தாங்கி வச்சிக்கிறதும் இல்ல. கடத்துறது."
நடுவிலிருந்து ஒரு குச்சியில் விரலை வைத்து
சரிவாக ஏறி, சரிவாக இறங்கி,
மூட்டு மூட்டாகப் போய்
கதிரைக்கால் வழியே தரையைத் தொட்டாள்.
"இஞ்ச வரைக்கும் வரணும். வழியில எங்கயும் நிக்கப்படாது."

நான் மார்க்கர் மூடியைத் திறந்து
'பாலம்' என்று மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டு
கடைக் கொக்கித் தராசைக் கொண்டுவந்தேன்.
பின்வளவில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல்.
நீல வாளியைக் கட்டித் தொங்கவிட்டு
பால்மா டின்னால் அள்ளி அள்ளிப் போட்டாள்.
ஏழு டின். பத்து. பதினாலு.
எங்கோ 'டிக்' என்றது.
"போதும்," என்றேன்.
"ஒடையணும் வாப்பா.
ஒடையாட்டி எவ்வளவு எண்டு எப்பிடித் தெரியும்?"

பதினைந்தாவது டின் பாதியில்
களனி கங்கை முழுக்க மணல்.
அழுவாளோ என்று முகத்தைப் பார்த்தேன்.
முகம் கதிரைக்கு அடியில் இருந்தது.
"குச்சி ஒண்டும் முறியல்ல! ஒட்டுத்தான் விட்டிருக்கு!"
பெருநாள் பிறை கண்டவளின் குரல்.
மணலோடு வாளியை நிறுத்தாள்.
கொப்பியில் எழுதினாள்: பதினொரு கிலோ முந்நூறு.

அவள் உம்மா வந்து
பேலியகொடையில் உட்கார்ந்து
வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு, வத்தளைக்கு மாமி வீட்டுக்கு.
பாலத்தின் நடுவில் வாகன நெரிசல், பஸ் நின்றுவிட்டது.
எதிரே கனரக வண்டி ஒன்று கடக்க
சீட்டுக்கடியில் ஏதோ நடுங்கியது.
எத்தனையோ வருடம் இதில் போய்வந்தவன்
முதல் தடவையாகக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.
"ஆடத்தான் வேணும், பயப்படாதீங்க" என்றாள்.
பஸ் நகர்ந்தது. சில்லுக்கடியில் 'தடக்'.
"அது இடைவெளி. வெயிலுக்கு நீளுறதுக்கு விட்டது."
அந்தத் தடக்கில்தான் எனக்குத் தினமும்
தூக்கம் கலையும்.

அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நின்றவர்கள் நாற்பத்தொன்று, நடத்துனரோடு.
பின்னால் ஒரு லொறி, கூரைக்கு மேலும் குவித்துக் கட்டியது.
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"தேங்கா ஒண்டு எத்தனை கிராம் வாப்பா?"